நின்ன இடத்துல நடக்க வைக்கிற வேலை

எல்லாரும் எங்கேயாவது போறதுக்காக நடப்பாங்க. எங்கேயும் போகாம ஆட்களை நடக்க வெச்சு, அதுக்குச் சம்பளமும் வாங்குறவ நான். மார்த்தாண்டத்துல ஒரு இருதய டாக்டரோட கிளினிக்ல டிரெட்மில் டெஸ்ட் எடுக்கிறேன். நெஞ்சுல பத்து இடத்துல பட்டன் ஒட்டி, ஒயர் மாட்டி, ஓடுற பெல்ட்டு மேல ஆளை ஏத்தி விடணும். மூணு நிமிஷத்துக்கு ஒருதடவை பெல்ட்டோட வேகமும் கூடும், மேடும் கூடும். அந்த மேட்டை இருதயம் எப்படிச் சமாளிக்குதுன்னு டாக்டர் பக்கத்துல நின்னு திரையில பார்ப்பாரு. நான் நர்ஸ் படிச்சவ இல்ல. ஆனா வெள்ளைக் கோட்டு போட்ட பொம்பளை எல்லாரும் எங்க ஊர்ல சிஸ்டர்தான், அதனால நானும் சிஸ்டர்.

ஊசி போடுறவங்க, பல்லு பிடுங்குறவங்க, எக்ஸ்ரே ரூம்ல "மூச்சைப் பிடிங்க"ன்னு தொண்டை வறளக் கத்துறவங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். மத்தவங்களுக்கு நம்ம வெப்ராளம், நாம படுற பாடு, புரியாது. இதுல முக்கால்வாசி தேங்காய்ப்பட்டணத்து சூசை அண்ணன் கதை. இந்த வருஷம் என்னைப் பாடாய்ப் படுத்தினவரு அவருதான். நடுவுல வேற ரெண்டு பேரும் வருவாங்க. நம்மளைப் படுத்துற உரிமையை ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தா மத்தவங்களுக்கு வருத்தமா இருக்கும்.

கரண்டு யாருக்குப் போச்சு?

பக்கத்துத் தெருவுல ஃபேனும் மோட்டாரும் விக்கிற கடைக்காரர் ஒருத்தர் வந்தாரு. ஒயரைக் கண்டதும் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, ஷாக் அடிக்குமான்னு கேட்டாரு. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒயரோட கிடக்கிற மனுஷன் கேக்கிற கேள்வியா இது? மெஷின் உங்களுக்குக் கரண்டு தராது, உங்க இருதயத்துல ஓடுற கரண்டைத்தான் படிக்கும்னு சொன்னேன். இருதயத்தோட மேல்பக்கம் வலது ஓரத்துல ஒரு சின்ன இடம் இருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் கரண்டு அங்கேருந்துதான் கிளம்புது. வெளியேருந்து லைன் இழுக்க வேண்டாம். மூளை உத்தரவு போட்டாத்தான் துடிக்கும்னும் இல்ல. மூளை வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான் அதுக்கு அதிகாரம். கடைக்காரருக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தனக்குன்னு ஒரு ஜெனரேட்டர் இருக்கிற பெருமையில நெஞ்சை நிமித்திக்கிட்டு பெல்ட்டுல ஏறினாரு.

நல்லாத்தான் நடந்துக்கிட்டிருந்தாரு. அப்பப் பார்த்து கரண்டு போச்சு. யூபிஎஸ் இருக்கு, ஆனா நமக்கு வேணும்கிற அன்னைக்கு அது வேலை செய்யாது, இது உங்க ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் இருக்கும். பெல்ட்டு நின்னு, திரை இருண்டு, ஃபேனும் அடங்கிட்டு. டாக்டர் அவரு தோளைப் பிடிச்சுக்கிட்டாரு. கடைக்காரர் கம்பியை இறுக்கிப் பிடிச்சு, கண்ணை மூடிக்கிட்டு, ரொம்பப் பணிவாக் கேட்டாரு:

"சிஸ்டரே, எனக்கு மட்டும் நின்னுட்டுதா, இல்ல ஊருக்கே நின்னுட்டுதா?"

சூசை அண்ணனும் ஆறு புரோட்டாவும்

சூசை அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டி ஒண்ணு ரெண்டு வயசு இருக்கும். தேங்காய்ப்பட்டணத்துல பிறந்து, பாதி ஆயுசை வளைகுடாவுல ஒரு அரபிக்காரரோட படகுல மீன் பிடிச்சுக் கழிச்சவரு. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாரு. ஐம்பது தாண்டினவங்க திரும்பி வேலைக்கு வரணும்னா டிரெட்மில் பேப்பர் அனுப்பணும்னு அங்கேருந்து சொல்லிட்டாங்க. அந்தப் பேப்பர் கிடைச்சா படகு, கிடைக்கலைன்னா வீடு. வீட்டுல இருக்கிறதை நினைச்சாலே அவருக்கு ஆகாது. அதனால டாக்டர் கேட்ட எல்லாத்துக்கும் இல்லன்னே சொன்னாரு. நெஞ்சு வலி இல்ல, மூச்சு வாங்கல் இல்ல, தலைசுத்தல் இல்ல. போன வருஷம் நேர்ச்சைக்கு வேளாங்கண்ணிக்கே நடந்தவன் நான், இந்த மெஷின் அதை விடவான்னு எங்ககிட்டயே திருப்பிக் கேட்டாரு.

சட்டையைக் கழட்டினா நெஞ்சு பூரா கருகருன்னு முடி. அதுக்கு மேல தேங்காய் எண்ணெய். எந்தப் பட்டன் இதுல ஒட்டும்? ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சு, பிளேடை எடுத்து, பட்டன் ஒட்டுற இடமெல்லாம் வட்டம் வட்டமா வழிச்சேன். கழுத்துல கயித்துல கிடந்த, மாதா படம் தைச்ச உத்தரியத்தைக் கழட்ட மாட்டேன்னு முதுகுப் பக்கம் தள்ளி விட்டுக்கிட்டாரு. இதுக்கு நடுவுல எனக்கு ஒரு பாராட்டு வேற. எல்லாரும் இருதயம் இடப்பக்கம்னு சொல்லுதாவ, நீங்கதான் நடுவுல ஆரம்பிச்சு ஒட்டுதீங்க, எங்க வீட்டுத் திருஇருதயப் படத்துல ஆண்டவருக்கும் நடுவுலதான் இருக்குன்னாரு. அவரு சொன்னது சரிதான். இருதயம் நெஞ்சுக்கு நடுவுலதான் இருக்கு. கீழ் முனை மட்டும் இடப்பக்கமா சாஞ்சு கிடக்கும். துடிப்பு அங்க கைக்குத் தட்டுப்படுறதால நாம முழு இருதயத்தையும் இடப்பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துட்டோம்.

படுக்க வெச்சு எடுத்த இசிஜியில டாக்டருக்கு ஒரு சின்னச் சந்தேகம். நடக்க வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்னாரு. பெல்ட்டுல ஏத்துறதுக்கு முன்னால, கடைசியா எப்ப சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். இப்பத்தான், கீழ கடையில, ஆறு புரோட்டாவும் மாட்டுக்கறியும்னாரு. வயிறு நிறைய தின்னுட்டு இந்த டெஸ்டுக்கு வரக் கூடாதுன்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சவம், யாரு கேக்கா? செவ்வாய்க்கிழமை காலி வயித்தோட வாங்கன்னு அனுப்பி வெச்சேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டே அவரு சொன்னாரு:

"நான் தின்னது வயித்துக்கு. நீங்க பாக்கது நெஞ்சை. ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்டுலா?"

நடுச்சுவரு

குழித்துறையிலேருந்து வந்த ஒரு பெரியவருக்கு டாக்டர் ஸ்கேன் பண்ணிக்கிட்டிருந்தாரு. இருதயம் திறந்து மூடுறதைத் திரையில பார்த்ததும் பெரியவருக்கு வீடு பார்க்க வந்த மாதிரி ஆயிட்டு. இது என்ன, அது என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. டாக்டருக்கு அடுத்த ஆளைப் பார்க்கணும், பதில் சொல்ற வேலை என் தலையில விழுந்துச்சு. உள்ளே நாலு அறை இருக்கு, மேல ரெண்டு, கீழ ரெண்டு. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல கதவு உண்டு. ஸ்டெதாஸ்கோப்புல கேக்கிற லப் டப் சத்தமே கதவுகள் சாத்துற சத்தம்தான். ஆனா வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவுல கதவு கிடையாது, சுவர் மட்டும்தான். வலப்பக்கம் அழுக்கு ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். இடப்பக்கம் சுத்தமாகி வந்ததை உடம்புக்கு அனுப்பும். ரெண்டும் கலக்கக் கூடாது.

பெரியவர் ரொம்ப நேரம் அந்தச் சுவரையே பார்த்தாரு. கூட வந்த மருமக என் காதுல சொன்னா, இவருக்கும் தம்பிக்கும் வீட்டைப் பாகம் வெச்சு நடுவுல சுவர் எடுத்திருக்கு, அந்தச் சுவர்ல ஆணி அடிச்ச தகராறு இன்னும் ஓயலைன்னு. நான் சிரிப்பை அடக்குறதுக்குள்ள பெரியவர் கேட்டே விட்டாரு:

"அந்த நடுச்சுவரு யாருக்க பாகத்துல வரும்?"

ஒரு வாரத்துல முளைச்ச முடி

செவ்வாய்க்கிழமை சூசைன்னு கூப்பிட்டேன். முகத்துல மாஸ்க் போட்ட ஆள் எழுந்து வந்தாரு. ஜலதோஷமாம். சாப்பிட்டீங்களான்னு கேட்டதுக்கு, பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலன்னாரு. பரவாயில்லையே, மனுஷன் திருந்திட்டாரேன்னு நினைச்சு ஒயரை எடுத்தேன். சட்டையைக் கழட்டினாரு.

எனக்கு ஆட்களோட முகம் ஓர்மை நிக்காது. பஸ் ஸ்டாண்டுல யாராவது சுகமா சிஸ்டரேன்னு கேட்டா, யாருன்னு தெரியாம பல்லைக் காட்டிட்டு நகர்ந்துடுவேன். ஆனா நெஞ்சு மறக்காது, அதுதானே நம்ம பொழப்பு. போன வாரம் என் கையாலயே வட்டம் வட்டமா வழிச்ச நெஞ்சுல இன்னைக்கு ஒரு வட்டத்தையும் காணோம். மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே காடு. போன வாரம் நான் வழிச்ச இடம் எங்கன்னு கேட்டேன். அவரும் குனிஞ்சு தன் நெஞ்சைத் தேடிப் பார்த்தாரு. எண்ணெய் தேச்சேன், வளர்ந்துட்டுன்னாரு. அந்த எண்ணெயோட பேரைச் சொல்லுங்க, இந்த வேலையை விட்டுட்டு அதுக்கு ஏஜென்சி எடுக்கிறேன், மார்த்தாண்டத்துல பாதி ஆம்பளைங்க வரிசையில நிப்பாங்கன்னேன். மாஸ்க்கை இறக்கச் சொன்னேன். அதே மூக்கு, அதே தாடி, வயசு மட்டும் பத்து குறைவு. சூசை அண்ணனோட தம்பி ஜஸ்டின்.

கதவைச் சாத்திட்டு உலுக்கின பிறகு உண்மை வந்துச்சு. கடற்கரையிலேருந்து ரோட்டுக்கு ஏறும்போது அண்ணன் பாதியில நின்னுடுவாராம். நெஞ்சை யாரோ அமுக்குற மாதிரி இருக்குன்னு உட்காருவாராம். பிறகு கேஸுன்னு சொல்லி ஒரு சோடா குடிச்சுட்டு எழும்புவாராம். அவரு நடந்தா மெஷின் காட்டிக் கொடுத்துடும், அதனால நீ போய் நடந்துட்டு வாடான்னு அனுப்பியிருக்காரு. எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு, நல்லாவே சிரிச்சேன். அடுத்த நிமிஷம் கையில இருந்த ஒயரைக் கீழ வெச்சேன். போன வாரம் நான் பிளேடு எடுக்காம இருந்திருந்தா, தம்பி நடந்த பேப்பரை வெச்சுக்கிட்டு அண்ணன் படகு ஏறியிருப்பாரு. நடுக்கடல்ல நெஞ்சு அமுக்கினா எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுறது? உன் அண்ணனை நீயே கொல்லப் பார்த்தியேன்னு கத்தினேன். ஜஸ்டினுக்குக் கண்ணு கலங்கிட்டு. ஆனா அவனுக்கு நியாயம் இன்னும் புரியல:

"ஒரே அப்பன், ஒரே அம்மை, ஒரே ரத்தம். யாரு நடந்தா என்ன சிஸ்டரே?"

கஞ்சிப்பானை வண்டி

டாக்டர்கிட்ட சொன்னேன். அவரு சொல்லி சூசை அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணினேன். எடுத்தது அவரோட மனைவி பிலோமி அக்கா. அவங்களுக்கு நெஞ்சு வலி விஷயமும் தெரியாது, தம்பியை அனுப்பின விஷயமும் தெரியாது. மறுநாள் கிளினிக் திறக்கும்போதே வாசல்ல நின்னாங்க. பக்கத்துல சூசை அண்ணன், தலை குனிஞ்சு. ஜஸ்டின் பின்னாலயே நின்னான், அண்ணன் ஓடிடாம இருக்கிறதுக்காம்.

வேளாங்கண்ணிக்கு நடந்த பெருமையை அண்ணன் மறுபடியும் எடுத்தாரு. பிலோமி அக்கா விடல. ரெண்டாம் நாளே காலு வலிக்குன்னு சொல்லி, கஞ்சிப்பானை ஏத்தின வண்டியில இவியளும் ஏறி இருந்தாச்சு, வேளாங்கண்ணி வரைக்கும் பானையைப் பிடிச்சுக்கிட்டே போன நேர்ச்சையாக்கும் இதுன்னாங்க. இப்பத்தானே தெரியுது வலிச்சது காலு இல்லன்னு சொல்லிட்டு, அண்ணன் சட்டைப் பொத்தானை அவங்களே கழட்டி விட்டாங்க. டாக்டர் வலியைப் பத்தி ஒண்ணு விடாம விசாரிச்சு, மருந்து மாத்திரை எல்லாம் பக்கத்துல எடுத்து வெச்சுக்கிட்டு, ரொம்ப ஜாக்கிரதையா நடக்க விட்டாரு. முதல் மூணு நிமிஷம் அண்ணன் என்கிட்ட கேலி பேசினாரு. அடுத்த மேட்டுல பேச்சு நின்னுட்டு. திரையில நேரா ஓட வேண்டிய கோடு கீழ தொய்ய ஆரம்பிச்சுது. வலிக்குதான்னு கேட்டேன். நெத்தியில வேர்வை வடிய வடிய இல்லன்னு தலையாட்டினாரு. டாக்டர் அவரு தலையாட்டலைப் பார்க்கல, திரையைப் பார்த்து பெல்ட்டை நிறுத்திட்டாரு.

படுக்க வெச்சு, நாக்குக்கு அடியில மாத்திரை வெச்சு, கொஞ்ச நேரத்துல கோடு பழையபடி நிமிந்துட்டு. உட்கார்ந்தா சரியா இருக்கிறது நடந்தா மட்டும் ஏன் கெட்டுப்போகுதுன்னு பிலோமி அக்கா கேட்டாங்க. நான் சொன்னேன்: இருதயம் சுருங்கும்போது உடம்பு பூராவுக்கும் ரத்தம் அனுப்புது. ஆனா அதுவும் ஒரு தசைதானே, அதுக்கும் ரத்தம் வேணும். அதைச் சுத்தியிருக்கிற சின்னக் குழாய்கள் வழியா அதுக்குரியது பெரும்பாலும் அது தளர்ந்து இளைப்பாறுற நேரத்துலதான் இறங்கும். வேகமா நடந்தா அந்த நேரம் குறையும். குழாயும் அடைச்சிருந்தா, எல்லாருக்கும் பரிமாறிட்டு அது மட்டும் பட்டினி கிடக்கும். அந்தப் பட்டினிதான் வலி. பிலோமி அக்கா கட்டில்ல கிடந்தவரைப் பார்த்தாங்க. கோபமா, அழுகையான்னு எனக்குத் தெரியல:

"இது இவியளுக்க கதைலா சிஸ்டரே. எங்க எல்லாருக்கும் அனுப்பிட்டு, அங்க குப்பூஸ் ரொட்டியைப் பாலில்லாத கட்டஞ்சாயாவுல முக்கித் தின்னுட்டுக் கிடந்தாவ."

பாஸான அன்னைக்கு

நாகர்கோவில்ல பெரிய ஆஸ்பத்திரியில ஆஞ்சியோ பண்ணினாங்க. அடைப்பு இருந்த இடத்துல ஸ்டென்ட் வெச்சு அனுப்பினாங்க. அந்த அரபிப் படகுக்காரர் நல்ல மனுஷன், உடம்பைத் தேத்திக்கிட்டு வா, உன் இடம் உனக்குத்தான்னு சொல்லிட்டாராம். அதனால சூசை அண்ணன் ஒவ்வொரு தடவை மாத்திரை எழுத வரும்போதும், எப்ப சிஸ்டர் மறுபடி நடக்க விடுவீங்கன்னு கேப்பாரு. வீட்டுல இருப்புக் கொள்ளல. படகு சாமான் அடுக்குற மாதிரி அடுக்களையை உயரவாரியா அடுக்கி வெச்சுட்டாராம், பிலோமி அக்காவுக்கு உப்பு எங்கேன்னு தெரியாம ஒருநாள் குழம்பு சப்புன்னு போச்சாம். அந்தப் புகாரைச் சொல்லவும் அவங்க கூடவே வருவாங்க.

போகப் போகப் புகார் மாறிட்டு. டாக்டர் சொன்ன காலை நடைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போறாங்க. துறைமுகத்துல மீன் ஏலம் விடுற இடத்துல நின்னு, இது நேத்துப் பிடிச்சதுன்னு அண்ணன் சொல்லி, வியாபாரிகள்கிட்ட ஏச்சு வாங்குறாரு. இளைய மகளுக்கு மீனே பிடிக்காதுங்கிற விஷயம் இந்த வருஷம்தான் அவருக்குத் தெரிஞ்சுது. ஒவ்வொரு லீவுக்கும் வந்து அவளுக்குப் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்காரு, பாவம், அதுவும் அப்பா மனசு நோகக் கூடாதுன்னு தின்னிருக்கு. இதை என்கிட்ட சொல்லிட்டு அவரு சிரிச்ச சிரிப்பு, கடைசியில சிரிப்பா இல்ல. பிறகு ரெண்டு மாசம் பெல்ட்டுல நடக்கிறதைப் பத்தி அவரு பேச்சே எடுக்கல. நானும் அதைக் கவனிக்கல.

போன வாரம் டாக்டரே நடக்க விட்டாரு. முதல் மேடு, ரெண்டாம் மேடு, மூணாம் மேடு, கோடு நூல் பிடிச்ச மாதிரி ஓடுது. டாக்டர் தோள்ல தட்டி, மாத்திரையை மட்டும் விடாதீங்க, இனி போறதும் இருக்கிறதும் உங்க இஷ்டம்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்குப் போனாரு. நான் ஒயரையெல்லாம் கழட்டி, பட்டனைப் பிய்ச்செடுத்து, பேப்பரைக் கையில கொடுத்தேன். அண்ணன் அதைப் பார்த்தாரு. பிலோமி அக்கா ஜன்னலைப் பார்த்தாங்க. ஒருத்தர் முகத்துலயும் ஒரு சந்தோஷத்தைக் காணோம். என்ன அண்ணே, இதுக்காகத்தானே என் உயிரை எடுத்தீங்கன்னு கேட்டேன். அவரு குரலைத் தாழ்த்திக்கிட்டு, "இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க சிஸ்டரே, எங்கயாவது கொஞ்சம் அடைப்பு இருக்கும்"னாரு.

எனக்கு வந்ததே கோபம். பாஸாக்குறதுக்குத் தம்பியை அனுப்பினவரு இப்ப ஃபெயிலாக்குன்னு கேக்கீங்களா, இதுக்கு யாரை அனுப்பப் போறீங்கன்னு கேட்டேன். இருதயம் நல்லா இருக்கிறவங்களும் வீட்டுல இருக்கலாம், அதைத் தடுக்கச் சட்டம் ஒண்ணும் கிடையாதுன்னேன். அண்ணன் பேப்பரை மடிச்சாரு, விரிச்சாரு. சுகமில்லைன்னா வீட்டுல இருக்கலாம், ஊர்ல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. சுகமான ஆம்பளை ஏன் போகலன்னு கேட்டா என்ன சொல்லன்னு முணுமுணுத்தாரு. பிலோமி அக்கா ஜன்னலை விட்டுத் திரும்பினாங்க. கட்டில்ல கிடந்த அவரு சட்டையை எடுத்து உதறிக் கொடுத்துக்கிட்டே சொன்னாங்க:

"கேக்கவங்களை எனக்கிட்ட அனுப்புங்க. எனக்கு இவிய வேணும், அதனால இருக்காவன்னு நான் சொல்லுவேன்."

ஒயர் மாட்டியிருந்த நேரமெல்லாம் ஒழுங்கா ஓடின அந்த இருதயம், இதைக் கேட்டு என்ன துள்ளு துள்ளியிருக்கும்னு பார்க்கக் கொடுத்து வைக்காம, அவசரப்பட்டு எல்லா ஒயரையும் முன்னாலயே கழட்டி வெச்ச கெட்டிக்காரிதான் நான்.